நீலத்தைப் போல ஒன்று

துறையில் சேர்ந்த முதல் நாள் அவரிடம்தான் மணி கேட்டேன். ஆய்வகத்தின் ஜன்னலோரம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"பதினொண்ணு ஆன மாதிரி இருக்கு."

ஆன மாதிரி! இரண்டு கடிகாரமும் பதினொன்றைத்தான் காட்டிக்கொண்டிருந்தன. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் கோபப்படவில்லை. நான் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

நாகமலை புதுக்கோட்டை தாண்டி இருந்த எங்கள் கல்லூரியில் அவர் ஆராய்ச்சி மாணவர். நான் நிலவியல் எம்.எஸ்ஸி. முதல் வருஷம். அவருக்குத் துறை முழுக்க ஒரே பட்டப்பெயர், 'மாதிரி அண்ணன்'. மழை கொட்டும்போது "மழை பெய்யுற மாதிரி இருக்கு" என்பார். சாம்பாரில் உப்பே இல்லை என்று நாங்கள் எல்லோரும் தட்டைத் தள்ளிவைத்த அன்றுகூட, அவர் மட்டும் இன்னொரு வாய் அள்ளிப் போட்டு, மென்று, "உப்பு கம்மியான மாதிரி" என்றார். இது பயமா, பணிவா, கிண்டலா என்று ஆளுக்கொரு கட்சி. நான் எதையும் பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லிவிடுகிறவள். கல்லைக் கையில் கொடுத்தால் லென்ஸை எடுக்கும் முன்பே பெயர் வந்து விழும். பாதிக்கு மேல் சரியாகவும் இருக்கும். ஆகவே எனக்கு அவரைப் பார்த்தால் பஸ் கிளம்பிய பிறகும் படியில் யோசித்துக்கொண்டு நிற்கும் ஆளைப் பார்ப்பது போலப் பதறும்.

அந்தப் பதற்றத்துக்கும் சீக்கிரமே பெயர் வைத்துவிட்டேன். மனசுக்குள்தான்.

அதனால் ஒரு சிக்கல் வந்தது. எங்கள் ஊர்க் கல்லூரிகளில் சீனியர் என்றால் அண்ணன்தான். எல்லோரும் அவரை "அண்ணே, அண்ணே" என்றார்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடும் துணிச்சலும் இல்லை. வேறு வழியில்லாமல் "ஏங்க" என்று ஆரம்பித்தேன்.

என் பக்கத்து இருக்கை பர்வீன் அதைக் கேட்டுவிட்டு நோட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னடி 'ஏங்க'ங்குற? எங்கம்மா எங்க அத்தாவைக் கூப்பிடுற மாதிரியே இருக்கு!"

"நீயும் மாதிரின்னு ஆரம்பிச்சுட்டியா?"

"பேச்சை மாத்தாத. அவரு திரும்பிப் பார்த்தாரு பாரு, அதைச் சொல்லு."

திரும்பிப் பார்த்தார்தான். அதை நானும் கவனித்திருந்தேன்.

அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது சாப்பிரின் என்ற கனிமத்தை. அடிக்கடி அகப்படுகிற சரக்கு இல்லை. நமக்கு மேற்கே, வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்குகிற பக்கத்தில் சில பாறைகளில் இருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு முன் கிரீன்லாந்துக் கல் ஒன்றில் இதைப் பார்த்தவர்கள், சபையர் போல, அதாவது நம் மோதிரங்களில் வைக்கும் நீலக்கல் போல இருக்கிறதே என்று அதன் பெயரையே கொஞ்சம் நீட்டி இதற்கு வைத்துவிட்டார்கள். உள்ளே பார்த்தால் ஆளே வேறு. நீலக்கல்லில் இருப்பது அலுமினியமும் ஆக்சிஜனும். இதில் மக்னீசியமும் சிலிக்கனும் கூடச் சேர்ந்து இதை சிலிக்கேட் குடும்பத்தில் கொண்டுவந்து விடுகின்றன. நீலக்கல் அளவுக்குக் கடினம் கிடையாது. ஆனால் கண்ணாடியைக் கீறும், குவார்ட்ஸையும் கீறும். காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் வைத்துத் திருப்பினால், நீலம் ஒரு பக்கம் அடர்ந்து மறுபக்கம் வெளுக்கும்.

"பாவம்ங்க, அதுக்குன்னு சொந்தமா ஒரு பேருகூட இல்ல" என்றேன் ஒருநாள்.

"அப்படிச் சொல்லாத" என்றார். "நான் நீலம் இல்ல, நீலம் மாதிரின்னு அதுவே முன்னால வந்து சொல்லிருது. இம்புட்டு நேர்மையான பேரு வேற எந்தக் கல்லுக்கு இருக்கு?"

ஊருக்குள் அவருடைய நேர்மைக்கு அவ்வளவாக மரியாதை இருக்கவில்லை. எங்கள் கேண்டீன் நடத்திய அண்ணன் ஒருநாள் மோதிரத்தைக் கழற்றிக்கொண்டு ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். சனி பிடித்திருக்கிறது, நீலம் போடு என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார்.

"தம்பி, முறைப்படி மூணு நாள் தலகாணிக்கு அடில வச்சுப் படுத்துப் பார்த்துட்டேன். கெட்ட கனவு ஒண்ணும் வரல. ஆனா எம் மச்சினன் இது டூப்புங்குறான். பெரிய படிப்பு படிக்கிறீக, நீங்க சொல்லுங்க. நீலமா, இல்லையா?"

இவர் மோதிரத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். லென்ஸ் வைத்தார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். கேண்டீனில் வடை தீய்கிற வாசனை வந்துவிட்டது.

"நீலம் மாதிரி இருக்குண்ணே."

"வித்தவனும் அதைத்தானய்யா சொன்னான்!"

நாங்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தோம். அவர் விடாமல், "உள்ள ஒரு குமிழி இருக்குற மாதிரி தெரியுது. குமிழியா இருந்தா, கண்ணாடியா இருக்கலாம்" என்றார்.

"இருக்கலாமா? சனி என்ன 'பிடிக்கலாம்'னா சொன்னான்? வந்து உக்காந்துட்டானே!" கேண்டீன் அண்ணன் மோதிரத்தைப் பிடுங்கிக்கொண்டார். "இந்தத் தம்பிட்ட பொண்ணு பிடிச்சிருக்கான்னு கேட்டா, தாலி கட்டி முடிக்கிற வரைக்கும் யோசிப்பாப்ள போல."

பர்வீன் முழங்கையால் என்னை இடித்தாள். நான் மோதிரத்தை ஒரு பார்வை பார்த்து, "கண்ணாடிதாண்ணே, தூக்கிப் போடுங்க" என்றேன். சரியாகத்தான் சொல்லியிருந்தேன். ஆனால் அன்று மாலை அந்த மோதிரத்தைத் திரும்ப வாங்கிவந்து, மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்து, குமிழியை நன்றாகப் பார்த்துவிட்டு, கேண்டீனுக்குத் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தவர் அவர்தான். "கண்ணாடிதான் போலண்ணே. கோவிச்சுக்காதீங்க." அண்ணன் அவருக்கு ஒரு டீ கொடுத்தாராம். எனக்குக் கொடுக்கவில்லை.

மாலையில் இருவருக்கும் ஒரே பஸ். நான் கோச்சடைக்குப் போக காளவாசலில் இறங்க வேண்டும். அவர் பெரியார் நிலையம் போய், வேறு பஸ் பிடித்து ஒத்தக்கடை போவார். கம்பியைப் பிடித்து நின்றபடி ஒருநாள் கேட்டேன்.

"பொறக்கும்போதே நீங்க இப்படித்தானா?"

சிரித்தார். கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார். "பத்தாவது ரிசல்ட் அன்னைக்கு, எங்க தெருக்காரர் ஒருத்தர் நெட் சென்டர்ல பார்த்துட்டு ஓடி வந்தாரு. நான்தான் ஸ்கூல் ஃபர்ஸ்ட்டாம். அப்பா அப்ப கூலி வேலைக்குப் போயிக்கிட்டிருந்தாரு. மம்பட்டியை வரப்புலயே போட்டுட்டு ஓடியாந்துட்டாரு. அம்மா தெரு பூராம் லட்டு குடுத்துச்சு. பொழுது சாய ஹெட்மாஸ்டர் ஆளனுப்புறாரு, அது நான் இல்லையாம். பேரும் ஒண்ணு, இனிஷியலும் ஒண்ணு. ஆளு அடுத்த தெரு."

"அய்யோ. உங்க மார்க்கு?"

"நல்ல மார்க்குதான். ஆனா மறுநா காலைல அப்பா என் முகத்தைப் பார்க்காமப் போனாரு. கோபம் இல்ல. என்ன பேசுறதுன்னு அவருக்குத் தெரியல." பஸ் குலுங்கியது. கம்பியை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டார். "யாராச்சும் ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தா, அம்மா லட்டு குடுத்திருக்காது."

அவர் பெயரை நான் இங்கே எழுதாததற்கு இதுதான் காரணம். அந்தப் பெயரில் அடுத்த தெருவில் இன்னொருவர் இருக்கிறார்.

அவர் தேடிக்கொண்டிருந்தது என்ன என்பதைச் சொல்லவேண்டும். குவார்ட்ஸ் என்பது நம் காடு மேடெல்லாம் கிடக்கும் வெங்கச்சங்கல். சாப்பிரினுக்கும் அதற்கும் ஆகவே ஆகாது. பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தின்று வேறொன்றாகிவிடும். பூமிக்கு வெகு அடியில், ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூட்டில் மட்டும் இரண்டும் தோளோடு தோள் நிற்கும். பாறை ஆற ஆற, இரண்டுக்கும் நடுவே கார்டியரைட் என்ற மூன்றாவது கனிமம் ஒரு மெல்லிய கரையாக வளர்ந்து பிரித்துவிடும். அந்தக் கரை வளராமல், நீலமும் வெள்ளையும் இன்னும் தொட்டுக்கொண்டே இருக்கும் ஒரு புள்ளி வேண்டும் அவருக்கு. ஒன்றே ஒன்று போதும். கிடைத்தால் நம் மதுரைப் பக்கத்துப் பாறை ஒருகாலத்தில் அப்படிக் கொதித்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஆய்வேடு நிற்கும், வேலை கிடைக்கும். "வேலைன்னு ஒண்ணு இருந்தாத்தான் வீட்டுல எதையும் பேச முடியும்" என்று ஒருமுறை சொன்னார். அந்த 'எதையும்' என்பதற்குள் நான் இருக்கிறேனா என்று அன்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டில் அவர் வீட்டைப் பற்றி முதலில் என்ன விசாரிப்பார்கள் என்பதும் இருவருக்கும் தெரியும். அதை நாங்கள் பேசியதே இல்லை.

இதில் ஒரு தொல்லை உண்டு. நடுவில் புகுந்து பிரிக்கும் அந்தக் கார்டியரைட், மைக்ரோஸ்கோப்பில் பார்க்க அசல் குவார்ட்ஸ் போலவே இருக்கும். நிறமே இல்லாமல், தண்ணீராக. தொடுகிறது என்று துள்ளிக் குதித்த பிறகு அது கார்டியரைட் என்று தெரிந்து தலைகுனிந்தவர்கள் உண்டு. ஆகவே அவர் திருப்பிக்கொண்டே இருந்தார்.

ஒரு சனிக்கிழமை பர்வீனையும் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு மலையடிவாரத்து ஓடைக்குப் போனார். வெயிலில் சுற்றி, ஒரு கல்லைச் சுத்தியலால் உடைத்தார். கல் சரிபாதியாகப் பிளந்தது. உடைந்த முகத்தில் பேனா உதறியது போல நீலத் தெறிப்பு. பர்வீன் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும்.

"ஏங்க, உங்களுக்கு என்னைப் பிடிக்குமா?"

சுத்தியலைக் கீழே வைத்தார். "பிடிச்ச மாதிரிதான்..."

"அந்த மாதிரியை எடுத்துட்டுச் சொல்லுங்க."

பிளந்த கல்லைக் கையில் எடுத்தார். "எடுத்துட்டுச் சொல்லி, அப்புறம் அது இல்லைன்னு ஆயிருச்சுன்னா? லட்டு குடுத்துட்டு நிக்கிற மாதிரி உன்னை நிக்க வைக்க எனக்கு மனசு வரல." பிறகு ஒரு பாதியை என் கையில் வைத்தார். கல் வெயிலில் சுட்டது. "இந்தா, இது உனக்கு. பேப்பர் பறக்காம வச்சுக்கலாம்."

பர்வீன் வந்தாள். "என்ன, ஆளுக்குப் பாதிக் கல்லை வச்சுக்கிட்டு நிக்கிறீங்க? கல்லு ஏதாச்சும் பதில் சொல்லுச்சா?"

நான் என் பாதியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவர் பாதியிலிருந்து மெல்லிசாகச் சீவிச் செய்த ஸ்லைடில்தான் அந்த இடம் அகப்பட்டது. நீலத்தை ஒட்டி வெள்ளை. துறையே வந்து எட்டிப் பார்த்தது. நான் ஒரே பார்வையில், "குவார்ட்ஸ்தாங்க! தொடுதுங்க!" என்று கத்தினேன். அவருடைய கைடு முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் மட்டும், "தொடுற மாதிரி இருக்கு. பார்ப்போம்" என்றார்.

அந்த வாரம்தான் பஸ்ஸில் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வாராங்க."

"யாரை?"

"பர்வீனை! கேள்வியைப் பாரு. என்னைத்தாங்க."

மறுபடி கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். காளவாசல் சிக்னலில் பஸ் நின்றது. "அந்த ஸ்லைடு மட்டும் நிச்சயமாகட்டும்" என்றார். "திங்கக்கிழமை சொல்லிர்றேன்."

"எதை?"

"எல்லாத்தையும்."

வந்தவர்களிடம், நான் மேலே படிக்கப்போகிறேன், இரண்டு மூன்று வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று நானே சொல்லி அனுப்பிவிட்டேன். அம்மா பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்குத் திங்கட்கிழமை இருந்தது.

திங்கட்கிழமை ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது அவர் எழுந்து தன் ஸ்டூலில் என்னை உட்காரச் சொன்னார். குனிந்து பார்த்தேன். நீலம், அதை ஒட்டி வெள்ளை.

"அதேதாங்க. குவார்ட்ஸு."

"ஓரத்துல பாரு. மெதுவாத் திருப்பு."

திருப்பினேன். அந்த வெள்ளையின் ஒரு மூலையில், சிர்க்கான் என்ற இன்னொரு கனிமத்தின் இம்மியளவு மணி ஒன்றைச் சுற்றி, மஞ்சள் பூசிய பொட்டு போல ஒரு வளையம். திருப்பத் திருப்ப மஞ்சள் ஏறியது, இறங்கியது. குவார்ட்ஸில் அப்படி வராது. கார்டியரைட்டில்தான் வரும். ஆற ஆற நடுவில் வளர்ந்த கரை அது.

நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"தொடாத மாதிரிதான் இருக்கு" என்றார்.

அப்போதும் மாதிரி. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு மைக்ரோஸ்கோப்பின் கண்ணாடி ஈரமாகிவிட்டது, புறங்கையால் துடைத்தேன்.

அவருடைய கைடு கேட்டார், "அந்த மூலையை விட்டுட்டுப் படம் எடுப்பா. யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்த்துட்டேனே சார்" என்றார் இவர்.

அவர் சொல்வதாக இருந்த மற்றதை நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: இவை இரண்டும் ஒருகாலத்தில் தொட்டுக்கொண்டிருந்திருக்கலாம். வெகுநாள் இழுத்துப் பட்டம் வந்தது. ஒடிசாவில் ஒரு சுரங்கத்தில் வேலையும் வந்தது. கடைசியாக ஒன்றாகப் பஸ்ஸில் வந்த அன்று, காளவாசல் நெருங்கியபோது, "வாரேங்க" என்றேன். அவர் குனிந்து ஜன்னல் வழியே பார்த்தார். பிறகு, "பஸ்ஸு நிக்கப்போற மாதிரி இருக்கு. பார்த்து இறங்கு" என்றார். நின்றது. இறங்கினேன்.

அவருக்குக் கல்யாணம் ஆன செய்தியை பர்வீன்தான் போனில் சொன்னாள். "ஆன மாதிரியா, ஆயிருச்சா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

இப்போது நான் மேலூர் ரோட்டில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். தினமும் ஒத்தக்கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். யானைமலை ஜன்னலில் முழுசாக வந்து போகும். நிறுத்தத்தில் ஏறுகிறவர்களில் முதுகு கொஞ்சம் வளைந்த ஆள் இருந்தால் கழுத்து தானாகத் திரும்பும். அவர் இல்லை என்று அறிவுக்குத் தெரியும். கழுத்துக்கு அதை யாரும் சொல்லவில்லை.

என் பாதிக் கல் இத்தனை வருஷமும் மொட்டை மாடியில் கிடந்தது. வடகம் காயப்போடும் துணி பறக்காமல் இருக்க அம்மா அதைத்தான் பாரம் வைப்பாள். அதை வெட்டிப் பார்க்க எனக்குத் தோன்றாமல் இல்லை. வெட்டினால் தெரிந்துவிடும் என்றுதான் விட்டு வைத்திருந்தேன். போன மாதம் எங்கள் மாணவர்களின் கற்கள் ஸ்லைடு போட அனுப்பப்பட்டபோது, அதையும் பையில் போட்டுவிட்டேன். "அந்தக் கனமான கல்லை எங்கடி காணோம்?" என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஸ்லைடு வந்தது. நீலத்தை ஒட்டி வெள்ளை. பழைய நானாக இருந்தால் கத்தியிருப்பேன். ஒரு வாரம் திருப்பினேன். மஞ்சள் பொட்டைத் தேடினேன். நடுவில் மயிரிழைக் கோடாவது தெரிகிறதா என்று ஓரம் ஓரமாகப் போனேன். குவார்ட்ஸா என்று பார்ப்பதற்குள்ள சோதனைகளை எல்லாம் செய்து, மறுநாள் அதே சோதனைகளை மறுபடி செய்தேன். பொட்டு இல்லை. கோடு இல்லை.

ஸ்லைடு திரும்புவதை வீடியோ எடுத்தேன். அவருடைய எண் மாறவில்லை. வாட்ஸப் படத்தில் அவர் தோளில் ஒரு சின்னப் பிள்ளை, தலையில் அவருடைய சுரங்கத் தொப்பி. 'ஏங்க' என்று எழுதி அழித்தேன். 'சார்' என்று எழுதி அதையும் அழித்தேன். வீடியோவை மட்டும் அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் கேட்டார்: "இது எந்தக் கல்லு?"

"நீங்க உடைச்சதுல என் பாதி."

எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

"திருப்பிப் பார்த்தியா?"

"ஒரு வாரமாத் திருப்பிக்கிட்டே இருக்கேன்."

அதற்குப் பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. அவர் வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். மூலை மூலையாகப் பெரிதாக்கிப் பார்ப்பார். தொடுற மாதிரி இருக்கு என்று வரும், சிரித்துவிட்டு வகுப்புக்குப் போகலாம் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். வெளியே காரிடாரில் பிள்ளைகள் இரைந்துகொண்டு போனார்கள்.

"தொடுது."

ஒரே சொல். அதன் முன்னும் பின்னும் எதுவும் இல்லை. வேறு ஏதும் வரவும் இல்லை.

கதவருகே ஒரு மாணவி எட்டிப் பார்த்தாள். "மேம், பெல் அடிச்சிருச்சா?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சுவரில் இருந்ததையும் பார்த்தேன்.

"அடிச்ச மாதிரி இருக்கு" என்றேன்.